வருமான வரி கட்டாதவர் வரி செலுத்துபவர் இல்லையா?

"வருமான வரி கட்டாத நீ அரசாங்கத்தைக் கேள்வி கேட்கலாமா?" என்று பலரும் கேட்கிறார்கள். கேட்கலாம். ஏனென்றால் இந்தியாவில் வரி இரண்டு வழியில் போகிறது. வருமானத்தின் மீது நாமே கட்டுவது நேரடி வரி. பொருளின் விலைக்குள் உட்கார்ந்திருப்பது மறைமுக வரி.

மளிகைக் கடையில் 118 ரூபாய்க்குத் துணி துவைக்கும் பவுடர் வாங்கினால், அதில் 18 ரூபாய் ஜிஎஸ்டி. மத்திய அரசுக்கு 9, மாநிலத்துக்கு 9. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 'அனைத்து வரிகளும் உட்பட' என்ற பொருளில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வீட்டு வேலை செய்யும் அக்காவும் அதே 18 ரூபாய்தான் தருகிறார், பங்களா முதலாளியும் அதே 18தான். சம்பாத்தியத்தில் அது யாருக்குப் பெரிய பங்கு என்று யோசித்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஏன் இப்படி? கோடிக்கணக்கான வீடுகளில் வசூலிப்பதைவிட, விற்பவரிடம் வசூலிப்பது அரசுக்கு எளிது. வீட்டுக்காரர் சொத்து வரி கட்டுவது மாதிரிதான். ரசீது அவர் பெயரில், பணம் பெரும்பாலும் வாடகையிலிருந்து. பெட்ரோலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அங்கே மத்திய அரசின் கலால் வரியும் மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரியும் விலைக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

சரி, வரி கட்டுவதால்தான் கேள்வி கேட்கும் உரிமை வருகிறதா? இல்லை, இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பேச்சுரிமையை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடவும் பான் கார்டு தேவையில்லை.