76 வயதில் கீமோ தேவையா?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது, சுகர் உண்டு. பெருங்குடலில் புற்றுநோய், மூன்றாம் நிலை. ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. டாக்டர் கீமோ கொடுக்கலாம் என்கிறார், அண்ணன் 'இந்த வயசுல அவரைப் படுத்த வேண்டாம்' என்கிறார். அப்பாவிடம் குடலில் புண் என்றுதான் சொல்லியிருக்கிறோம். என்ன செய்வது? - ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அண்ணன் பாசத்தில்தான் அப்படிச் சொல்கிறார், புரிகிறது. ஆனால் 76 என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அப்பா தனியாகக் கடைக்குப் போய் வந்தாரா, மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாரா, சமீபத்தில் எங்காவது விழுந்தாரா, எடை குறைந்ததா, மறதி உண்டா? கீமோவை அவர் உடம்பு தாங்குமா என்பதை வயதைவிட இவைதான் நன்றாகச் சொல்லும். டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். இதை முறையாகச் செய்வதுதான் முதியோர் நல மதிப்பீடு. அமெரிக்காவில் 70 வயது தாண்டிய, நோய் முற்றிய 700க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2021ல் வெளிவந்த ஆய்வில், இந்த மதிப்பீட்டு விவரம் டாக்டர் கைக்குப் போன இடங்களில் 51 சதவீதம் பேருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தது, போகாத இடங்களில் 71 சதவீதம். சென்னைக்கு வர முடிந்தால், கிண்டியில் 2024ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையில் காட்டி யோசனை கேட்கலாம்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் நார்மல் என்று ரிப்போர்ட்டில் இருந்தாலும் நிம்மதியாகிவிட வேண்டாம். வயதானவர்களுக்குத் தசை குறைந்திருப்பதால், சிறுநீரகம் சோர்ந்திருந்தாலும் அந்த எண் நன்றாகவே தெரியும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டு மருந்தின் அளவை முடிவு செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம், டாக்டரிடம் இதைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: கேப்சிட்டபின் என்ற கீமோ மாத்திரை மட்டும் போதுமா, ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ ஊசியும் வேண்டுமா? 70 தாண்டியவர்களுக்கு அந்த ஊசியைச் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன் குறைவு என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன. அது நரம்பைப் பாதித்துக் கை கால் மரத்துப்போகச் செய்யும். சுகரால் ஏற்கெனவே பாதம் மரத்திருந்தால் நடை தடுமாறி விழ வாய்ப்பு அதிகம்.

அப்பாவிடம் மறைப்பது எனக்குச் சம்மதமில்லை. கேப்சிட்டபினைப் பொதுவாக 14 நாள் காலையும் இரவும் சாப்பிட்டவுடன் போட்டு, 7 நாள் நிறுத்துவார்கள், எல்லாம் வீட்டிலேயே. வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், உள்ளங்கை சிவந்து எரிவது, எது வந்தாலும் அன்றே சொல்ல வேண்டியவர் அவர்தான். தனக்குக் குடல் புண் என்று நம்புகிறவர் நாலு தடவை வயிற்றால் போனால் கஷாயம் குடித்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்வார், அதற்குள் உடம்பில் நீர் வற்றி சிறுநீரகம் கெட்டுவிடும். காய்ச்சல் 100.4ஐத் தொட்டால், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். 'அப்பா, டாக்டர் சொன்னது எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லட்டுமா?' என்று கேட்டு, அவர் கேட்கிற அளவுக்குச் சொல்லுங்கள். எல்லாம் தெரிந்த பிறகு அவரே வேண்டாம் என்றால் அதை மதியுங்கள், அண்ணன் சொல்லும் 'வேண்டாம்' வேறு. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அப்பாவை வெளியே பெஞ்சில் உட்கார வைக்காமல் உள்ளே கூட்டிப் போங்கள். பொதுவாக ஆபரேஷன் முடிந்து எட்டு வாரத்துக்குள் கீமோவைத் தொடங்கிவிடுவார்கள், அதனால் இந்த வாரமே பேசிவிடுங்கள்.