எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள்: முதல் முறை பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கு

கேள்வி: குடும்பத்தோடு ஒரு வாரம் பனிச்சறுக்குப் பயிற்சிக்குப் போகிறோம். நாலு பேருக்கும் இதுதான் முதல் முறை. எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்?

பதில்: ஸ்கீ (காலில் மாட்டிச் சறுக்கும் நீளப் பலகைகள்), ஊன்றுகோல், பூட் மூன்றும் வாடகைக்கே போதும். இந்த விளையாட்டு பிடிக்குமா என்பதே ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். ஹெல்மெட்டையும் பனிச்சறுக்குக் கண்ணாடியையும் (காகிள்ஸ்) மட்டும் சொந்தமாக வாங்கிவிடுங்கள். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோல் போன்ற நுரை, பலமான அடி பட்டால் தான் நசுங்கித்தான் தலையைக் காக்கிறது. நசுங்கியது மறுபடி எழும்பாது. மேல் ஓடு புதுசு மாதிரியே பளபளக்கும், உள்ளே என்ன ஆயிற்று என்று பார்த்தால் தெரியாது. அதனால்தான் யார் யார் போட்டு எங்கெல்லாம் விழுந்தார்களோ தெரியாத ஹெல்மெட் வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: வீட்டில் நல்ல சைக்கிள் ஹெல்மெட் இருக்கிறது. அது போதாதா?

பதில்: போதாது. பனிச்சறுக்கு ஹெல்மெட்டைக் கடுங்குளிரில் வைத்தெடுத்து மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். ஐரோப்பியத் தரத்தில், கூர்மையான பொருள் குத்தினால் ஓடு தாங்குகிறதா என்றும் பார்க்கிறார்கள். சைக்கிள் ஹெல்மெட்டுக்கு அந்தக் குத்துச் சோதனை கிடையாது. உள்பக்க லேபிளில் ஐரோப்பியத் தரம் ஈ.என். 1077 அல்லது அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.டி.எம். எஃப் 2040 என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

சைஸுக்கு, புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி அளவெடுங்கள். பிறகு ஹெல்மெட்டைப் போட்டு, வாரைக் கட்டாமல் தலையை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். தோல் அப்படியே இருக்க ஹெல்மெட் மட்டும் ஆடினால் அது பெரிய சைஸ். கண்ணாடியையும் அங்கேயே சேர்த்துப் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே விரல் அகலத்துக்கு நெற்றி தெரிந்தால், மலை இறங்கும்போது குளிர்காற்று ஊசி மாதிரி குத்துவது அந்த இடத்தில்தான். லென்ஸில் எஸ்1 என்று இருந்தால் மேகமூட்டத்துக்கு, எஸ்3 என்று இருந்தால் கொளுத்தும் வெயிலுக்கு. குழந்தைக்கு மட்டும், 'வளர்ற பிள்ளைதானே' என்று ஒரு சைஸ் கூட்டி வாங்கிவிடாதீர்கள். ஆடுகிற ஹெல்மெட் விழும்போது பின்னால் சரிந்து நெற்றியைத் திறந்து விட்டுவிடும்.

கேள்வி: வாடகைக் கடைப் படிவத்தில் எடை, உயரம், வயது, எப்படிச் சறுக்குவீர்கள் என்றெல்லாம் கேட்கிறார்கள். எடையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஐந்தாறு கிலோ குறைத்துச் சொன்னால் என்ன?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நான் எழுதியதில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை, இது ஒன்றை மறக்காதீர்கள்.

பூட்டை ஸ்கீயோடு பிடித்து வைத்திருக்கும் கருவிக்குப் பைண்டிங் என்று பெயர். சறுக்கும்போது அது பிடித்திருக்க வேண்டும், விழுந்து கால் முறுக்கும்போது விட்டுவிட வேண்டும். எவ்வளவு விசைக்கு விட வேண்டும் என்பதைத் திருகாணியைத் திருப்பி அமைக்கிறார்கள். கால்விரல் பக்கம் ஒன்று, குதிகால் பக்கம் ஒன்று என்று சின்ன ஜன்னல் மாதிரி இரண்டு இடத்தில் அந்த எண் தெரியும். டின் எண் என்பார்கள். நீங்கள் படிவத்தில் எழுதியதையும் பூட் அடியின் நீளத்தையும் வைத்து, ஐ.எஸ்.ஓ. 11088 என்ற சர்வதேசத் தர முறைப்படி அட்டவணையைப் பார்த்து அதை வைக்கிறார்கள்.

எடையைக் குறைத்துச் சொன்னால் எண் இறங்கிவிடும். நல்ல வேகத்தில் திரும்பும்போது ஸ்கீ தானாகக் கழன்றுகொள்ளும். 'நன்றாகவே சறுக்குவேன்' என்று கூட்டிச் சொன்னால் எண் ஏறிவிடும். விழும்போது கழலாமல், முறுக்கு முழுவதும் உங்கள் காலுக்குத்தான் போகும். முதல் முறை என்றால் முதல் முறை என்றே எழுதுங்கள். 50 வயது ஆனவர்கள் வயதை மறைக்க வேண்டாம், அட்டவணை அவர்களுக்கு எண்ணைக் குறைத்துத் தருகிறது.

இன்னொன்று. பூட்டின் குதிகால் ஓரத்தில் 305, 317 என்பது போல அடியின் நீளம் மி.மீ. கணக்கில் பொறித்திருக்கும். பூட் கடிக்கிறது என்று நடுவில் மாற்றினாலோ, மச்சானோடு ஸ்கீயை மாற்றிக்கொண்டாலோ பழைய அமைப்பு உங்களுக்குப் பொருந்தாது. திரும்பக் கடைக்குப் போய் அமைத்து வாங்குங்கள், சில நிமிட வேலைதான். சரியாக அமைத்த பைண்டிங் காலெலும்பு முறிவை நன்றாகவே தடுக்கும். ஆனால் முழங்கால் ஜவ்வு கிழிவதை எப்போதும் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. அதனால் விழுந்துவிட்டால், சறுக்கி நிற்கும் வரை எழ முயலாதீர்கள்.

கேள்வி: மகன் ஸ்னோபோர்டுதான் (இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்குவது) வேண்டும் என்கிறான். அதற்கும் இதே கதைதானா?

பதில்: இல்லை. அதன் பைண்டிங் விழுந்தாலும் கழலாது. புதிதாகக் கற்கிறவர் விழும்போது கையை ஊன்றுவார், மணிக்கட்டு முறியும். கையுறையோடு போடும் மணிக்கட்டுக் காப்பை முதலில் வாங்குங்கள், அப்புறம் உட்காரும் இடத்துக்கு மெத்தை வைத்த அரைக்கால் சட்டை.

கேள்வி: வாங்கிய ஜாக்கெட்டில் 'ரெக்கோ' என்ற பட்டை தைத்திருக்கிறது. பனிச்சரிவில் மாட்டிக்கொண்டாலும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார் கடைக்காரர். அதை நம்பி, குறித்து வைத்த சறுக்குத் தடத்துக்கு வெளியே போகலாமா?

பதில்: போகாதீர்கள். அது பேட்டரி இல்லாத பிரதிபலிப்பான். மீட்புக் குழுவின் கருவி அனுப்பும் அலையைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். குழு வந்து சேர்ந்தால்தான் அதற்கு வேலை. பனிக்குள் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்போ முதல் 10, 15 நிமிடங்களுக்குப் பிறகு மளமளவென்று குறைகிறது. அந்த நேரத்துக்குள் தோண்டி எடுக்கக்கூடியவர் கூட வந்தவர்தான். அதற்கு ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் பனிச்சரிவு டிரான்சீவர் (அலையை அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவி), பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் வேண்டும். பயன்படுத்திப் பழகியும் இருக்க வேண்டும். முதல் வாரத்தில் அதற்கெல்லாம் போக வேண்டாம்.

கிளம்பும் முன் பயணக் காப்பீட்டுத் தாளை எடுத்துப் பனிச்சறுக்குக்கு அது செல்லுமா, தடத்துக்கு வெளியே விபத்து நடந்தால் செல்லுமா, ஹெலிகாப்டர் மீட்புச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொண்டு, எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.