பிட்யூட்டரி கட்டி பரம்பரையாக வருமா?

அப்பாவுக்கு 52 வயதில் அக்ரோமெகலி (பிட்யூட்டரி கட்டி வளர்ச்சி ஹார்மோனைக் கூடுதலாகச் சுரப்பதால் கை, கால், முகம் பெருக்கும் நோய்) என்று தெரிந்தது. எனக்கும் வருமா?

அநேகமாக வராது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டிகளில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் குடும்பவழி வருபவை. வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் கட்டிகளில் சுமார் 40 சதவீதத்தில் ஜி.என்.ஏ.எஸ் மரபணு மாறியிருக்கும். ஆனால் அந்த மாற்றம் கட்டிக்குள்ளேயே நிற்பது. ரத்தத்தில் தேடினாலும் கிடைக்காது, பிள்ளைகளுக்கும் போகாது. அப்பாவுக்கு ரத்தக் கால்சியம் கூடுதலா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். கூடுதலாக இருந்தால் மென்-1 என்ற, பல சுரப்பிகளில் கட்டி உண்டாக்கும் பரம்பரை நோயைச் சந்தேகிக்க வேண்டும்.

தம்பிக்கு 17 வயது, பெரிய கட்டி. எந்தப் பரிசோதனை?

இந்த வயதில் மரபணுப் பரிசோதனை கட்டாயம். ஏ.ஐ.பி, மென்-1 என்ற இரண்டு மரபணுக்களையும் பார்க்கக் கேளுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: டி.என்.ஏ எழுத்துகளின் வரிசையை மட்டும் படிக்கும் சோதனையில், மரபணுவின் ஒரு துண்டே காணாமல் போயிருந்தால் தெரியாது, அறிக்கை 'இயல்பு' என்றே வரும். அதனால் எம்.எல்.பி.ஏ போன்ற, பிரதிகளை எண்ணும் சோதனையும் சேர வேண்டும். ஐந்து வயதுக்குள்ளேயே கிடுகிடுவென வளரும் குழந்தை என்றால் கதை வேறு. அங்கே தேட வேண்டியது எக்ஸ் குரோமோசோமில் ஜி.பி.ஆர்.101 இரட்டித்திருக்கிறதா என்பதை.

அண்ணனுக்கு ஏ.ஐ.பி மாற்றம். எனக்கும் இருக்கிறது, ஸ்கேனில் ஒன்றுமில்லை. இனி?

பெற்றோர் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. வந்தவர்களிலும் கட்டி உண்டாவது 20 முதல் 30 சதவீதத்தினருக்கே. 18-ஆம் நூற்றாண்டில் 'அயர்லாந்து ராட்சசர்' எனப்பட்ட சார்லஸ் பைர்னின் பல்லிலிருந்து எடுத்த டி.என்.ஏ-வில், இன்றைய வட அயர்லாந்துக் குடும்பங்களிடம் உள்ள அதே மாற்றம் இருந்ததை 2011-இல் கண்டார்கள். சுமப்பவர்களில் பலருக்கு நோயே வராததால்தான் அது இவ்வளவு காலம் ஓசையின்றிக் கைமாறியிருக்கிறது. நீங்கள் ஆண்டுக்கொருமுறை ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் தூண்ட, ஈரல் சுரப்பது), புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் பிட்யூட்டரி ஹார்மோன்) பாருங்கள். சிறுவர்களுக்கு உயரத்தையும் பருவ வளர்ச்சியையும் குறித்துவைக்க வேண்டும். பெரும்பாலான கட்டிகள் 30 வயதுக்குள் தலைகாட்டிவிடும்.

ஐ.ஜி.எஃப்-1 இயல்பு, ஆனால் மோதிரம் இறுகுகிறது. நம்பலாமா?

கட்டுப்படாத சர்க்கரை நோய், ஈரல் நோய், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை மூன்றுமே அந்த எண்ணைக் கீழே இழுக்கும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரத்துக்கு அரை மணிக்கொருமுறை வளர்ச்சி ஹார்மோனை அளந்து பாருங்கள். மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குக் கீழே ஒருமுறையும் இறங்காவிட்டால் சந்தேகம் வலுக்கும். ஏற்கெனவே சர்க்கரை எகிறியிருப்பவருக்கு இது வேண்டாம்.

வளர்ச்சி ஹார்மோன் சுரப்பைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசி பலிக்கவில்லை. ஏன்?

ஏ.ஐ.பி மாற்றம் உள்ள கட்டிகள் இதற்குச் சரியாக மசிவதில்லை. பெக்விசொமன்ட் என்ற ஊசி மருந்து, கட்டியை விட்டுவிட்டு ஹார்மோன் போய்ச் சேரும் இடத்தை அடைக்கும். அதனால் பலன் தரலாம். அதைப் போடும்போது ஐ.ஜி.எஃப்-1 மட்டுமே அளவுகோல். கட்டி சுருங்காது என்பதால் எம்.ஆர்.ஐ-யை நிறுத்தாதீர்கள்.