பதில்: இங்கிலாந்து கால்பந்து வீரர் ரிக்கி லாம்பர்ட் 2009-10 சீசனில் அடித்தது ஒரு பட்டியலில் 30 கோல், இன்னொன்றில் 36 கோல் என்றிருக்கிறதே, எது சரி?

இரண்டும் சரிதான். சவுத்தாம்ப்டன் கிளப்புக்காக லீக் ஒன்னில் (இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக்) மட்டும் 30. கோப்பைப் போட்டிகளையும் சேர்த்தால் 36. நீங்கள் பார்த்த இரண்டு பட்டியல்களில் ஒன்று லீக் கணக்கு, மற்றது மொத்தக் கணக்கு.

லீக் ஒன்னில் ஒரு அணிக்கு 46 ஆட்டங்கள். எனவே கோலுக்குப் பக்கத்திலுள்ள ஆட்ட எண்ணிக்கையை முதலில் பாருங்கள். அது 46ஐத் தாண்டினால் கோப்பை ஆட்டங்களும் கலந்திருக்கின்றன. தாண்டாவிட்டால் தலைப்பில் 'லீக்' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதிகம் குழப்புவது ஜான்ஸ்டன்ஸ் பெயின்ட் டிராபி என்ற கோப்பைப் போட்டி. அதன் 2010 இறுதி ஆட்டத்தில் கார்லைல் அணியை 4-1 என்று சவுத்தாம்ப்டன் வென்றபோது லாம்பர்ட் பெனால்டியில் அடித்த கோலைச் சில பட்டியல்கள் 'பிற' என்ற கட்டத்தில் வைக்கும். சில கணக்கிலேயே எடுக்காது. 36 வராமல் ஒன்றிரண்டு குறைந்தால் அங்கேதான் தேடணும்.

இன்னொன்று: அவர் பிரிஸ்டல் ரோவர்ஸிலிருந்து மாறியது ஆகஸ்ட் 2009இல், சீசன் தொடங்கிய பிறகு. அதனால் பட்டியலில் அந்த சீசனுக்கு, கிளப்புக்கு ஒன்றாக இரண்டு வரிகள் இருக்கும். பிளாக்பூல், மேக்கிள்ஸ்ஃபீல்ட், ஸ்டாக்போர்ட், ராச்டேல் என்று கிளப் கிளப்பாகச் சுற்றியவரின் கணக்கை வருடத்தை வைத்துக் கூட்டாதீர்கள், வரி வரியாகக் கூட்டுங்கள்.

இங்கிலாந்துக்காக 11 ஆட்டங்களில் அடித்த 3 கோல்கள் கிளப் கணக்கில் சேராது.