கூரை இடுக்கில் வௌவால்: இப்போது அடைக்க வேண்டாம்
விரல் நீள வௌவால்கள் கூரை இடுக்கில் நுழைவதாகவும், ஓட்டையை இன்றே சிமென்ட் வைத்து அடைக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து பொறுங்கள். அவை பிப்பிஸ்ட்ரெல் என்னும் சிறு வௌவால் இனமாக இருக்கலாம். தாய்கள் கூட்டமாகச் சேர்ந்து குட்டி போடும். ஓர் ஈற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். குட்டிகள் பறக்க மூன்று, நான்கு வாரங்களாவது ஆகும். இப்போது அடைத்தால் பால்குடிக் குட்டிகள் உள்ளேயே பட்டினியில் செத்துவிடும்.

எலிகளைப் போல இவை மரத்தையோ மின்கம்பியையோ கடிப்பதில்லை. கீழே கிடக்கும் எச்சத்தைக் குச்சியால் நசுக்கிப் பாருங்கள்: பூச்சிகளின் ஓடும் சிறகும் கலந்த தூளாக உதிரும். ஓர் இரவில் நூற்றுக்கணக்கான கொசுக்களையும் சிறு பூச்சிகளையும் தின்கிற உயிர் இது!

குட்டிகள் பறக்கத் தொடங்கியபின், வெளியேற மட்டும் வழிவிடும் வலையைத் தொங்கவிட்டு, எல்லாம் போனதை உறுதிசெய்துகொண்டு அடையுங்கள். பல நாடுகளில் இவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். வெறிநோய் ஆபத்து இருக்கிறது.