சிறுவர் ஊழியத்துக்கு லண்டன் போக எட்டு லட்சம் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. எங்கள் ஆலயத்து ஞாயிறு பாடசாலையில் ஆறு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். இங்கிலாந்தில் ஒரு கிறிஸ்தவ அமைப்பு, ஒரு வருடம் வந்து சிறுவர், வாலிபர் மத்தியில் தொண்டு செய்யலாம் என்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒருவர், எட்டு லட்சம் தந்தால் விசிற் விசா எடுத்துத் தருவாராம். போன பிறகு அங்கேயே விசாவை மாற்றலாம் என்றும் சொல்கிறார். பாதிக் காசை இந்தக் கிழமையே கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு தாய், உடுவில்

பதில்: கொடுக்க வேண்டாம் அம்மா.

மகள் போகட்டும். 1816இல் அமெரிக்க மிஷனரிகள் கடல் கடந்து இந்தக் குடாநாட்டுக்கு வந்தார்கள். அவர்கள் 1824இல் தொடங்கிய பெண்கள் பாடசாலை உங்கள் ஊரில் இன்றும் நடக்கிறது. அதே ஊரிலிருந்து ஒரு பிள்ளை இன்னொரு நாட்டுப் பிள்ளைகளுக்காகப் புறப்படுவது எனக்கு உண்மையிலேயே சந்தோசம். அந்த மனிதர் காட்டும் வழியால் மட்டும் போகக் கூடாது.

ஒரு வருடத் தொண்டுக்கு பிரித்தானியாவில் ‘சாரிட்டி வேர்க்கர்’ என்று தனி விசா இருக்கிறது. சம்பளம் கிடையாது, நியாயமான செலவுக்காசு கொடுப்பார்கள். ஆகக்கூடியது 12 மாதம். அதற்கு இங்கே இருந்துகொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும். விசிற்றில் போய் இறங்கியவர் அங்கே வைத்து அந்த விசாவுக்கு மாறவே முடியாது. ‘போன பிறகு மாற்றலாம்’ என்ற பேச்சு அத்தோடு சரி.

அவர் உடனே, ‘விசிற் விசாவிலும் தொண்டு செய்யலாம், சட்டத்திலேயே இருக்கிறது’ என்பார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் படித்த குடும்பங்களே இந்த இடத்தில்தான் விழுகின்றன. அப்படி ஒரு சலுகை இருப்பது உண்மை. ஆனால் அது மொத்தமாக 30 நாளுக்குத்தான். இடையில் விட்டு விட்டுச் செய்தாலும் எல்லா நாளையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். அங்கே முறையாகப் பதிவு செய்த தொண்டு நிறுவனமாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயணத்தின் முக்கிய நோக்கம் தொண்டாக இருக்கக் கூடாது. உங்கள் மகள் லண்டன் ஹரோவில் இருக்கும் சித்தியைப் பார்க்க ஆறு கிழமை போகிறாள், அந்த நேரம் சித்தியின் ஆலயத்தில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் பத்து நாள் கைகொடுக்கிறாள் என்று வையுங்கள். அது பிழையில்லை. அந்தப் பத்து நாளுக்காகவே விமானம் ஏறினால் பிழை. ஒரு வருட ஊழியத்தை மனதில் வைத்துக்கொண்டு ‘சித்தியைப் பார்க்க’ என்று படிவத்தில் எழுதினால் அது பொய். பொய்யால் விசா கேட்டது பிடிபட்டால் பத்து வருடம் வரைக்கும் அந்த நாட்டு விசாவை மறந்துவிட வேண்டியதுதான். முகவருக்கு ஒன்றும் ஆகாது. ஒப்பம் வைத்தது உங்கள் பிள்ளை.

சரி, உண்மையான வழியில் காசு எங்கே போகிறது? அழைக்கும் அமைப்பிடம், வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்க அந்த நாட்டு அரசு கொடுத்த அனுமதி, அதாவது ஸ்பொன்சர் லைசன்ஸ் இருக்க வேண்டும். லைசன்ஸ் உள்ளவர்களின் பட்டியலை பிரித்தானிய அரசு இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. பெயர், ஊர், எந்த விசாவுக்கு ஆள் எடுக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த அமைப்பு மகளுக்கு ஸ்பொன்சர் சான்றிதழ் ஒதுக்கும். சான்றிதழ் என்று பெயர்தானே தவிர, அது கணினியில் இருக்கும் ஒரு பதிவு, கையில் வருவது ஓர் இலக்கம் மட்டும். முத்திரை குத்தி, பளபளப்பான தாளில் அச்சடித்த ‘ஸ்பொன்சர் சான்றிதழ்’ என்று யாராவது நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படியான தாள்களை நான் என் கையாலேயே பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு தகப்பன் அதற்காகக் காணியை ஈடு வைத்திருந்தார்.

அடுத்தது ‘காசு காட்டுவது’. விண்ணப்பிப்பவரின் கணக்கில் 1,270 பவுண் 28 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும், அல்லது ஸ்பொன்சர் அமைப்பு தானே பொறுப்பேற்க வேண்டும். நல்ல அமைப்புகள் பெரும்பாலும் பொறுப்பேற்கும், கேட்டுப் பாருங்கள். வட்டிக்கு வாங்கி ஒரு மாதம் கணக்கில் போட்டுக் காட்டும் வியாபாரம் இங்கே நடப்பது உங்களுக்கும் தெரியும். அதற்குள் இறங்காதீர்கள். விசாக் கட்டணம் தவிர, வருடத்துக்கு 1,035 பவுண் மருத்துவக் கட்டணமும் உண்டு. விசா மறுத்தால் அது திரும்பி வரும். எட்டு லட்சம் எங்கே திரும்பும்?

இந்த இடைத்தரகர்களைப் பற்றி எனக்குப் பொறுமை போய்விட்டது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் இலங்கையின் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். இவர்களோ, ‘இது வேலை இல்லை, ஊழியம்’ என்று சொல்லி அந்தக் கேள்வியிலிருந்து நழுவுகிறார்கள். அதே வாயால், ‘போனால் வேலையும் எடுக்கலாம்’ என்று தாயின் காதில் ஓதுகிறார்கள். சிலர் வேதவசனமும் சொல்வார்கள். போதகரின் நண்பர் என்பார்கள். யாருடைய நண்பராக இருந்தாலும் லைசன்ஸ் பட்டியலில் பெயர் இருக்க வேண்டியது அழைக்கும் அமைப்புக்குத்தான்.

மகளுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளோடு வேலை செய்யும் நல்ல அமைப்பு உன்னைத் துருவித் துருவிக் கேட்கும். பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும், போதகரிடமும் ஆசிரியரிடமும் விசாரிக்கும், காணொளியில் நேர்முகம் வைக்கும், ஒரு பிள்ளையோடு தனியே அறையில் இருக்கக் கூடாது என்று சட்டதிட்டம் சொல்லும். கோபப்படாதே. உன்னிடம் ஒன்றுமே கேட்காமல் ‘வா’ என்கிற இடம் வேறு யாரிடமும் ஒன்றும் கேட்டிருக்காது. அங்கே பிள்ளைகளுக்கும் பாதுகாப்பில்லை, உனக்கும் இல்லை.

பொலிஸ் நற்சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள் அம்மா. இருந்த முகவரிகளை எல்லாம் கேட்பார்கள். இடம்பெயர்ந்து நாலு ஊரில் இருந்த குடும்பத்துக்கு இது எவ்வளவு இழுபடும் என்பதை அந்தப் படிவத்தை எழுதியவர்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதால் காசநோய்ப் பரிசோதனையும் வேண்டும். அதற்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். ஒரு எக்ஸ்ரேக்காக இரவு பஸ் ஏறும் நிலைமை எத்தனை வருடம் போனாலும் மாறவில்லை. இந்த அலைச்சலைக் காட்டித்தான் தரகர் உங்களிடம் காசு வாங்குகிறார். அலைந்தாலும் பரவாயில்லை, நீங்களே அலையுங்கள்.

இன்று இரவே மகளைக் கொண்டு அந்த அமைப்புக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுவியுங்கள். முகவரியைத் தரகரிடம் கேட்காமல் அமைப்பின் சொந்த இணையத்தளத்தில் எடுங்கள். ‘உங்களிடம் சாரிட்டி வேர்க்கர் விசாவுக்கான ஸ்பொன்சர் லைசன்ஸ் இருக்கிறதா? யாழ்ப்பாணத்தில் உங்களுக்காகக் காசு வாங்க யாரையாவது நியமித்திருக்கிறீர்களா?’ இந்த இரண்டு கேள்வியும் போதும். மகளின் கடவுச்சீட்டு ஏற்கெனவே அவர் கையில் இருந்தால், பதில் வரும்வரை காத்திருக்காமல் நாளைக் காலையிலேயே போய் வாங்கிக்கொண்டு வாருங்கள்.