ஸ்லேட் தரைக்கு எந்தச் சுவர் நிறம்? வெளிர் சாம்பல் நீலமாகத் தெரிவது ஏன்?

கேள்வி: ஹாலில் கருஞ்சாம்பல் ஸ்லேட் டைல்ஸ் போட்டிருக்கிறோம். இடையிடையே துரு நிறத்தில் திட்டுகள் இருக்கின்றன. சுவரில் ஓர் ஓரமாக வெளிர் சாம்பல் அடித்துப் பார்த்தால் நீலமாகத் தெரிகிறது. "பேசாமல் பளிச் வெள்ளை அடித்துவிடலாம்" என்கிறார் பெயிண்டர். அப்படியே செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பெயிண்டில் கோளாறு இல்லை, உங்கள் கண்ணிலும் இல்லை. கல்லில் உள்ள இரும்பு துருவேறியதால் வந்தவை அந்தத் திட்டுகள். அந்த நிறம் ஆரஞ்சுக் குடும்பம். அதற்கு எதிர் நிறம் நீலம். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தால் சாதாரணச் சாம்பலும் கண்ணுக்கு நீலம் தட்டும். கல்லை மாற்ற முடியாது, சுவர்தான் வளைந்து கொடுக்க வேண்டும்.

கருஞ்சாம்பலை மறந்துவிடுங்கள். திட்டின் நிறத்தை நன்றாக வெளுக்க வைத்தால் என்ன வருமோ, அதைத் தேடுங்கள்: மணல் நிறம், காளான் நிறம், லேசாகப் பழுப்பேறிய வெள்ளை. பளிச் வெள்ளை தரையை இன்னும் கறுப்பாகக் காட்டும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் கோடு கிழித்தது போல வெட்டும். பெயிண்டருக்கு வெள்ளை பிடிப்பதற்குக் காரணம் உண்டு. கலர் கலக்க வேண்டியதில்லை, மிச்சமானால் அடுத்த வேலைக்கு ஆகும்.

அப்புறம், ஷேட் கார்டு. ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்று சொல்ல எல்.ஆர்.வி. என்று ஓர் எண் உண்டு. 0 கறுப்பு, 100 வெள்ளை. ஸ்லேட் வெளிச்சத்தை விழுங்கும், அதனால் சுவர் 60-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குபவருக்கு உண்மையில் உதவும் இந்த எண்ணைப் பல கார்டுகளில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு சாம்பலில் நீலம் கலந்திருக்கிறதா, பழுப்பு கலந்திருக்கிறதா என்று ஒரு வரி அச்சிட்டால் எத்தனை வீடுகளில் இரண்டாம் முறை பெயிண்ட் அடிப்பது மிச்சமாகும்! கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

இதைவிட மோசம், "அதே ஷேட்தான்" என்று வேறு கம்பெனி பேஸில் (நிறம் கலக்கும் அடிப்படைப் பெயிண்டில்) கலந்து தருவது. பகலில் ஒன்றாகத் தெரியும், ராத்திரி விளக்கில் வேறாகிவிடும். டப்பா மூடியில் உள்ள ஷேட் எண், நீங்கள் தேர்ந்தெடுத்ததுதானா என்று பார்த்துவிட்டுத் திறக்கவிடுங்கள். கலந்த பெயிண்டைப் பொதுவாகத் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு: கல்லுக்கு இன்னும் சீலர் (கறையும் ஈரமும் இறங்காமல் காக்கும் பூச்சு) அடிக்கவில்லை என்றால் இப்போது நிறமே தேர்ந்தெடுக்காதீர்கள். சாதாரண சீலர் பெரிதாக மாற்றாது. நிறத்தை எடுத்துக்காட்டும் வகை அடித்தால் சாம்பல் கறுப்பாகும், துரு செங்கல் போலாகும். ஈரத்துணியால் ஒரு டைலைத் துடைத்துப் பாருங்கள். இந்த வகை அடித்தால் ஏறக்குறைய அந்த ஈர நிறம்தான் நிலைக்கும். அதை அடிப்பதாக இருந்தால் முதலில் சீலர், அது நன்றாகக் காய்ந்த பிறகே பெயிண்ட். உலர்ந்த கல்லுக்குப் பொருத்தமாக அடித்துவிட்டு, பிறகு தரை இருண்டதும் சுவர் சோகையாகிவிட்டது என்று வருந்துகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

சரி, சோதனை. இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் தரையை ஒட்டிச் சாய்த்து வையுங்கள். கண் மட்டத்தில் மாட்டினால் கல்லோடு சேர்ந்து தெரியாது. காலை, மாலை, விளக்கு போட்ட பிறகு என்று மூன்று முறை பாருங்கள். ராத்திரி மட்டும் நீலம் தட்டினால் பல்பின் மேல் 6500 கே (நீலம் தட்டும் வெள்ளை வெளிச்சம்) என்று இருக்கிறதா பாருங்கள். அப்படியானால் 3000 கே (மஞ்சள் தட்டும் வெளிச்சம்) பல்பு மாட்டிப் பார்த்த பிறகு பெயிண்டுக்குச் சொல்லுங்கள்.